ஐஸ்காரர் வண்டியும் சுத்தியல் சோதனையும்

உலகத்தில் துருவைப் பற்றி அக்கறையோடு யோசிக்கிறவர்கள் மிகவும் குறைவு. கப்பல் கட்டுகிறவர்கள் யோசிக்கிறார்கள். அதற்கு அவர்களுக்குச் சம்பளம் உண்டு. பாலம் கட்டுகிறவர்கள் யோசிக்கிறார்கள். ஆனால் பாலம் விழுந்த பிறகு. சம்பளமும் இல்லாமல், எதுவும் விழுவதற்கு முன்பாகவே, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் துருவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த மனிதர் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ்காரர் ஒருவர்தான். அவர் அவ்வளவு யோசிக்காமல் இருந்திருந்தால் வண்டி இன்னும் சில வருஷம் ஓடியிருக்கும் என்பது தனி விஷயம்.

ஐஸ் ஃபாக்டரியிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் ஏற்றித் துறைமுகத்து மீன் கூடங்களில் இறக்குவது அவர் தொழில். திரும்பி வரும்போது மீன் பெட்டிகள். போகும்போது ஐஸ் உருகி வழியும், வரும்போது மீன் தண்ணீர் வழியும். துறைமுகத்துச் சாலையோ எந்நேரமும் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். இரும்போடு ஜென்மப் பகை உள்ள ஒருவன் உட்கார்ந்து திட்டம் போட்டால்கூட, ஒரு பிக்கப் வண்டியைத் துருப்பிடிக்க வைக்க இதைவிடச் சிறந்த வேலையைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வேலைக்குத்தான் ஐஸ்காரர் தம் வண்டியைப் பழக்கியிருந்தார்.

வண்டி வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. வெள்ளை நிறம் என்று பத்திரத்தில் இருக்கிறது. ஆனாலும் அது சொந்த வண்டி. அதற்கு முன்னால் ஐஸ்காரர் பல வருஷம் பிறத்தியார் வண்டி ஓட்டியவர். முதலாளிகள் போன் போட்டு, "எங்கே இருக்கே? இன்னும் அங்கேயா இருக்கே?" என்று கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவருடைய இளமை கழிந்தது. ஒரு முதலாளி, அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வண்டிக்குள் கையை விட்டு விடாமல் ஹாரன் அடித்தார். அன்றைக்குப் பொட்டலத்தை மடித்து வைத்த ஐஸ்காரர், இனி செத்தாலும் தன் வண்டியில்தான் சாவது என்று முடிவு செய்தார். இந்த முடிவை அவர் எல்லோரிடமும் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அவருடைய மனைவிக்குத் துறைமுகத்திலேயே மீன் வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்கிற மேடை ஒன்று இருந்தது. விடிந்ததும் இருவரும் ஒரே வண்டியில் கிளம்புவார்கள். முன் இருக்கையில் அவர் பக்கத்தில் அந்த அம்மாள் கத்திகள் சுற்றிய கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவதைப் பார்ப்பவர்கள், எதிரே வருகிற வண்டிக்காரர்கள் உட்பட, கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

இனி சிகிச்சைகளுக்கு வருவோம்.

முதல் சிகிச்சை பெயிண்ட். எங்கேயாவது ஒரு கொப்புளம் கிளம்பினால், வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில்கூட இல்லாத அக்கறையோடு அதன் மேல் பெயிண்டைப் பூசுவார். துருவைச் சுரண்டி எடுத்து, பளபளவென்று இரும்பு தெரிகிறவரை தேய்த்து, பிரைமர் பூசி, அப்புறம்தான் பெயிண்ட் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. டப்பாக்காரனுக்குப் பொழுது போகவில்லை, எழுதியிருக்கிறான் என்று ஐஸ்காரர் கருதினார். துரு, பெயிண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே சௌகரியமாகப் படுத்திருந்தது.

இரண்டாவது சிகிச்சை கழிவு எண்ணெய். துறைமுகத்து டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, பழைய இஞ்சின் ஆயிலை வண்டியின் அடிவயிறு முழுக்கத் தடவினார். தெருப் புழுதி மொத்தமும் வந்து அதில் ஒட்டிக்கொண்டது. சில வாரங்களில் வண்டிக்கு அடியில் இன்னொரு தெரு தொங்கியது.

மூன்றாவது, தார்ப்பாய். ஒவ்வொரு நாளும் சவாரி முடிந்ததும் வண்டியைக் கழுவி, ஈரம் காயும் முன்பே தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிடுவார். காற்றுகூடப் புகாது. உள்ளேயிருந்து எதுவும் போகவும் முடியாது.

"பிள்ளைக்குக் கம்பளி போத்தற மாதிரி போத்தறீங்க," என்பாள் மனைவி. "எனக்கு ஜுரம் வந்தப்போ ஜன்னலைக்கூடச் சாத்தலை."

"உனக்குத் துருப்பிடிக்காதுல்ல."

"உங்ககூட குடும்பம் நடத்தியும் பிடிக்கலைன்னா இனிமே பிடிக்காது."

இதெல்லாம் சில்லறைத் தவறுகள். யாரும் செய்வதுதான். ஐஸ்காரர் சரித்திரத்தில் இடம்பிடிப்பது அடுத்த சிகிச்சையால்.

ஒரு நாள் மத்தியானம் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். பிக்கப் வண்டியின் எலும்புக்கூடு சேஸி. முன்னாலிருந்து பின்வரைக்கும் ஓடுகிற இரண்டு நீளமான இரும்புக் குழல்கள்; மேலே இருக்கிற சுமை மொத்தமும் அவற்றின் முதுகில்தான். அந்தக் குழல்களின் அடிப்பக்கத்தில் விரல் நுழைகிற அளவில் ஆங்காங்கே துளைகள் இருந்தன. கதவுகளின் கீழ் விளிம்பிலும் இருந்தன. ஒரு துளையிலிருந்து சொட்டுத் தண்ணீர் அவருடைய நெற்றியில் விழுந்தது. நெற்றியில் எதுவாவது விழுந்தால் பெரிய பெரிய உண்மைகள் விளங்கிவிடும் என்பதற்கு உலகத்தில் முன்னுதாரணம் உண்டு. ஐஸ்காரருக்கும் விளங்கியது: தண்ணீர் இருக்கிறது, ஓட்டை இருக்கிறது, ஆகவே தண்ணீர் இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகிறது.

மூக்கு ஒழுகுகிறவனின் மூக்கை அடைத்துவிட்டால் ஜலதோஷம் தீர்ந்தது என்கிற வைத்திய முறைதான் இது. ஆனால் அவர் அதை அவ்வளவு சிரத்தையோடு செய்தார். துளைக்குத் துளை மரக்கட்டையைச் செதுக்கி அடித்தார், அதன் மேல் பசையை வைத்து அழுத்தினார், பசை இறுகியதும் பெயிண்ட் பூசினார். கதவுத் துளைகளையும் விடவில்லை. துளை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று நிச்சயமானதும் எழுந்து வந்து மனைவியிடம் சொன்னார்.

"கம்பெனிக்காரன் மூட மறந்துட்டான். நான் மூடிட்டேன். பாரு, இப்ப ஒரு சொட்டு ஒழுகலை. நின்னுடுச்சு."

"நின்னுடுச்சு சரி," என்றாள் அவள். "எங்கே நின்னுச்சு?"

பெண்கள் கேட்கிற இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஆண்கள் எந்தக் காரியத்தையும் செய்து முடிக்க முடியாது. ஐஸ்காரர் கை கழுவப் போய்விட்டார். மேலேயிருந்து, போல்ட் இடுக்கிலும் தகடு இணைப்பிலும் வழக்கம்போல உப்புத் தண்ணீர் குழலுக்குள் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இறங்கிய தண்ணீர் வெளியே போக வழி தேடிப் பார்த்துவிட்டு, குடித்தனம் பண்ண உட்கார்ந்தது. அப்படியே வருஷங்கள் போயின.

அந்த வருஷங்களில் ஐஸ்காரர் மிகவும் நிம்மதியாக இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வருஷா வருஷம் வண்டிக்குத் தகுதிச் சோதனை உண்டு. விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து ஒரு சான்றிதழை முன் கண்ணாடியில் ஒட்டி அனுப்புவார்கள். சான்றிதழ் இல்லாத வண்டியை ஐஸ் ஃபாக்டரி வாசலுக்குள் விடமாட்டார்கள். இந்த முறை சோதனை நிலையத்துக்குப் புதிய அதிகாரி வந்திருந்தார். அவர் விளக்கையும் ஹாரனையும் பெரிதாக மதிக்கவில்லை. பழைய வண்டி என்றால் கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் நுழைந்து, சேஸியைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். நல்ல இரும்பு 'டங்' என்னும். இற்றுப்போன இரும்பு 'தொப்' என்னும். 'தொப்' என்றால் வண்டி அப்படியே பழைய இரும்புக் கடைக்குத்தான். சில நாட்களிலேயே அவருக்குச் சுத்தியல் சார் என்று பெயர் வந்துவிட்டது.

"என் வண்டிக்கென்ன," என்றார் ஐஸ்காரர் டீக்கடையில். "சேஸிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போக விடாம வெச்சிருக்கேன்."

இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பட்டறை வெல்டரிடம் ஒரு பார்வை பார்க்கச் சொல்லி வண்டியை விட்டார். வெல்டர் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கினார், உள்ளே நுழைந்தார்.

"அண்ணே, இந்த அடைப்பெல்லாம் யாரு வெச்சது?"

"நான்தான்." ஐஸ்காரர் குரலில் பெருமை இருந்தது.

"எதுக்கு?"

"தண்ணி உள்ளே போகாம இருக்க."

வெல்டர் வெளியே தலையை நீட்டி, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரைப் பார்த்தார். "இது தண்ணி வெளியே போற வழிண்ணே."

பிறகு ஸ்க்ரூ டிரைவரால் ஒரு அடைப்பை நெம்பினார். கறுத்த டிகாஷன் போலத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. பட்டறைத் தரையில் ஓடி, வாசல் தாண்டி, சாக்கடையைத் தேடிக்கொண்டு போனது. தண்ணீரோடு தகடு தகடாகச் செம்பழுப்பு நிறத்தில் ஏதோ விழுந்தது. அது சேஸி. வெல்டர் அடுத்து ஸ்க்ரூ டிரைவரைக் குழலின் பக்கவாட்டில் வைத்துச் சும்மா அழுத்தினார். ரொட்டியில் கத்தி இறங்குவது போல அது பிடிவரைக்கும் இறங்கியது.

"வெளியே எத்தனை கோட்டிங் அடிச்சாலும் பிரயோஜனம் இல்லைண்ணே," என்றார் வெல்டர். சொல்லும்போது கொஞ்சம் தயங்கினார், துக்க வீட்டில் பேசுவது போல. "சேஸியைத் துரு உள்ளேருந்துதான் தின்னும். துளையைத் தொறந்து விட்டு, அது வழியா நல்ல தண்ணியைப் பீச்சிக் கழுவி, வெயில்ல நல்லாக் காய விட்டு, உள்ளே சுத்தமான எண்ணெயை அடிச்சு விட்டிருந்தீங்கன்னா போதும். வேற ஒண்ணும் செஞ்சிருக்க வேணாம்."

"ஒண்ணுமே செய்யாம விட்டிருந்தா?"

வெல்டர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார். மனிதர்களுக்கு இரக்கம் என்று ஒன்று உண்டு.

"சரி, தகடு வெச்சுப் பத்த வெச்சுடு."

"பத்த வைக்க இரும்பு வேணும்ணே. இது பிஸ்கட்டு. நெருப்பைக் காட்டினா இருக்கிறதும் கொட்டிடும்."

"வேற சேஸி?"

வெல்டர் அதற்கும் அலைந்து பார்த்தார், குறை சொல்லக் கூடாது. இந்த மாடல் வண்டியைக் கம்பெனி நிறுத்தி வெகு காலமாகிவிட்டது. பழைய இரும்புக் கடைகளில் கிடந்தவை இதைவிட மோசம். ஒரு கடையில் கிடந்ததைத் தூக்கினால் பாதி கையோடு வந்தது, மீதி வர மறுத்தது.

மனிதனுக்கு நல்ல நாள் பார்த்து வருகிற சொந்தக்காரர்கள் உண்டு, கெட்ட நாள் பார்த்து வருகிற சொந்தக்காரர்களும் உண்டு. வெல்டர் கையை விரித்த அன்று சாயந்தரமே மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. துறைமுகத்தில் அவனுக்கு இரண்டு புது பிக்கப் வண்டிகள் ஓடுகின்றன. அவனிடம் கெட்ட குணம் எதுவும் கிடையாது. ஐஸ்காரர் அவனை வெறுக்க முடியாமல் தவித்ததற்கு அதுவே காரணம்.

"மாமா, ரெண்டாவது வண்டிக்கு டிரைவர் நிக்கலை," என்றான். "வெளியாளைப் போட மனசு வரலை. நம்ம வண்டி மாதிரி நீங்க ஓட்டிக்குங்க."

"நம்ம வண்டி மாதிரி எதுக்குடா மாப்ளே. நம்ம வண்டிதான் வாசல்ல நிக்குதே."

"நிக்குது மாமா. அதான் சொன்னேன்."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னான். ஐஸ்காரர் எழுந்து போய், வாசலில் நின்ற வண்டியின் தார்ப்பாயை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினார். அந்த நேரத்தில் செய்ய வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

அவன் போனதும் மனைவி தட்டை வைத்தாள். அவர் சாப்பிடவில்லை. இரும்பு இல்லாமல் எப்படி 'டங்' சத்தம் வரவழைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் துருவைப் பற்றி யோசித்த மூளை இப்போது சத்தத்தைப் பற்றி யோசித்தது. துரு போயே போய்விட்டது, ஒரு விதத்தில். தின்ன இனி எதுவும் மிச்சமில்லை.

"சிமெண்டு," என்றார் திடீரென்று.

"என்னது?"

"சேஸிக்குள்ள சிமெண்டைக் குழைச்சு ஊத்திடலாம். வெளியே தகடை வெச்சு, மேல தாரைப் பூசிட்டா யாருக்குத் தெரியும்."

எந்த மனைவியும் இந்த இடத்தில் நாலு வார்த்தை சொல்வாள். இந்த அம்மாளும் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் யோசனை செய்கிற ஒருவரைக் காணோம்; கிணற்றுக்குள்ளேயிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒருவர் தெரிந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வேலை நடந்தது. அவர் அடியில் படுத்துக்கொண்டு, அவள் வாளியில் சிமெண்டும் மணலும் குழைத்துக் கொடுக்க, குழலின் ஓட்டைகள் வழியாக அடைத்துத் திணித்தார். காய்ந்ததும் தகடு, தகட்டின் மேல் தார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வண்டி வாங்கின நாளில்கூட அப்படி இருந்ததில்லை.

அடுத்த நாள் ஒத்திகை. மனைவிதான் சுத்தியல் சார். தர்பூசணியைத் தட்டிப் பார்த்தே உள்ளே பழுத்ததா வெளுத்ததா என்று சொல்லிவிடுகிற காது அவளுடையது. கரண்டியின் பிடியால் சேஸியைத் தட்டினாள்.

'டொக்' என்றது.

"தேறாது," என்றாள்.

"'தொப்'னு சொல்லலைல்ல."

"'தொப்'னு சொல்லலை. ஆனா 'டங்'குன்னும் சொல்லலையே. வீட்டுச் சுவத்தைத் தட்டின மாதிரி இருக்கு. அந்த ஆளு வண்டியைச் சோதிக்க வர்றாரா, வீடு வாடகைக்குப் பாக்க வர்றாரா?"

ஐஸ்காரர் வண்டியின் அடியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். அவர் அழுகிறாரா என்று அவள் குனிந்து பார்க்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கழட்டிப் போட்ட பழைய ஜன்னல் கம்பி கொல்லையில கிடக்குது. அதைச் சிமெண்டுக்குள்ள, தகடை ஒட்டினாப்புல வெச்சுட்டா சத்தம் கம்பியிலேருந்து வரும்."

இப்படிப்பட்ட பெண்களைப் பற்றிச் சரித்திரம் எழுதுகிறவர்கள் எழுதுவதில்லை. தகட்டைக் கழற்றி, சிமெண்டைக் கொத்தி, ஜன்னல் கம்பிகளை உள்ளே வைத்து மறுபடி மூடினார்கள். கரண்டி தட்டியது. 'டங்' என்றது. கோவில் மணிகூட அவ்வளவு உருக்கமாக ஒலித்திருக்காது. இருவரும் அந்தச் சத்தத்தை ஒரு முறைக்குப் பல முறை தட்டிக் கேட்டார்கள்.

சோதனை நாள். சுத்தியல் சார் நெடுநெடுவென்று உயரமான ஆள். வண்டிக்கு அடியில் நுழைய மடங்கி மடங்கி, கடைசியில் அளவுநாடா போல ஆகிவிடுவார். அவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். முன்னால் தட்டினார், டங். நடுவில் தட்டினார், டங். பின்னால், ஐஸ் பாளங்களின் முழு எடையும் உட்காருகிற இடத்தில், கொஞ்சம் அழுத்தியே தட்டினார். டங்.

வெளியே வந்து கைகளைத் துடைத்துக்கொண்ட சுத்தியல் சார் அவரை நன்றாகப் பார்த்தார்.

"எந்த வேலைக்கு ஓட்டறீங்க?"

"ஐஸ், மீன் சார்."

"உப்புத் தண்ணியில ஓடற வண்டியா இது." அவர் வரிசையில் நின்ற மற்ற வண்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் வந்து பாருங்கய்யா. வண்டின்னா இப்படி வெச்சுக்கணும். இந்த வயசுல இவ்வளவு கெட்டியான சேஸி நான் தட்டினதே இல்லை. அக்கறைன்னு ஒண்ணு இருந்தா துரு கிட்டவே வராது."

வண்டிக்காரர்கள் பார்த்தார்கள். ஒருவர் ஐஸ்காரரிடம், "அப்படி என்னண்ணே செஞ்சீங்க?" என்று கேட்டார். ஐஸ்காரர் சான்றிதழை வாங்கக் கையை நீட்டினார். வாழ்நாள் பூராவும் துருவை எதிர்த்துப் பாடுபட்ட மனிதருக்கு ஒரு அரசாங்க அதிகாரியிடமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு, துரு ஜெயித்த பிறகு, ஒரு ஜன்னலுக்குக் கிடைத்தது.

புத்தம் புதுச் சான்றிதழை முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியின் பின்பக்கம் ஏதோ ஒரு முனகல் கேட்டது. அது கதவாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டார். கதவாக இல்லாமலும் இருக்கலாம் என்பது தோன்றியதும் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

மறுநாள் விடிந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டு வழக்கம்போல இடது கதவை உள்ளிருந்து திறந்து வைத்தார். மனைவி வாசலைத் தாண்டி வந்தாள். கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திறந்த கதவைத் தாண்டி, நேரே நடந்து போனாள்.

ஐஸ்காரருக்குப் புரியவில்லை. வண்டியை மெதுவாக நகர்த்தி அவள் பக்கத்தில் கொண்டுபோனார்.

"எங்கே போறே?"

"மேடைக்கு."

"ஏறு."

"நான் நடந்தே வந்துடறேன்."

"ஏம்மா, என்னாச்சு உனக்கு? டெஸ்டு பாஸ் ஆயிடுச்சு. ஆபீசரே சொல்லிட்டார் கெட்டின்னு."

"அவரு சொன்னாரு. அவரு தட்டிட்டுப் போயிட்டாரு. உக்காரப்போறது நான்." அவள் நடையை நிறுத்தவில்லை. "நானும்தான் தட்டினேன். 'டங்'குன்னுச்சு. அது நம்ம கொல்லை ஜன்னல் கம்பிங்க. வண்டி இல்லை."

தெருவில் நடையும் சக்கரமும் ஒரே வேகத்தில் போயின. பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்துச் சுற்றிக்கொண்டு போனது. பால் கேன்காரர் ஒருவர், புருஷன் பெண்டாட்டிச் சண்டையை இப்படி வண்டியில் வைத்தும் போடலாம் போலிருக்கிறது என்று வியந்தபடி போனார்.

"அப்ப எதுக்குடி கம்பி கொண்டுவந்து கொடுத்தே?" ஐஸ்காரர் ஜன்னல் வழியாக எட்டிக் கேட்டார்.

"நீங்க பாஸாகணும்னு. இல்லைன்னா உங்களைப் பாக்கச் சகிக்கலை."

"பாஸாயிட்டேனே."

"அதான் பயமா இருக்கு."

அவர் கொஞ்ச தூரம் உருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஓட்டறது நான். எதுனா ஆனா எனக்குத்தானே ஆகப்போகுது. நீ ஏறவேணாம். நான் ஓட்டிக்கறேன்."

அவள் நின்றாள். முதல் முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஐஸ் மேல ஏறி உக்காந்து வருவாங்களே ரெண்டு பேர், லோடு இறக்கறவங்க. அவங்க யாரு? அவங்களுக்கும் கம்பி விஷயம் சொல்லிடறீங்களா?"

அவள் மறுபடி நடந்தாள். அவரும் மறுபடி உருட்டினார். ஃபாக்டரிக்குத் திரும்புகிற முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. முனிசிபாலிட்டிக்காரர்கள் போட்டது, ஒரு சின்ன மலை. அவள் அதைக் கடந்து மறுபக்கம் போய் நின்று, திரும்பி வண்டியைப் பார்த்தாள். வேண்டுமென்று நின்றாளா, செருப்பில் கல் மாட்டியதா தெரியாது. நின்றாள்.

முன் சக்கரம் வேகத்தடையைத் தொட்டது. வண்டியில் சுமையே இல்லை, காலி வண்டிதான். இருந்தும் அவருடைய கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. இதே மேட்டின் மேல் எத்தனையோ வருஷம், ஐஸ் பாளங்கள் தொட்டி நிறைய நிற்க, லோடுமேன் இரண்டு பேர் மேலே உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வர, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறார். இப்போது அவர் மனதுக்குள் அந்த இரண்டு பேரும் மேலே உட்கார்ந்திருந்தார்கள். காலை எடுக்க முடியவில்லை.

இஞ்சினை அணைத்தார்.

பின்னால் உடனே ஹாரன்கள் ஆரம்பித்தன. ஐஸ்காரர் இறங்கி, கதவைச் சாத்தினார். எப்போதும் சாத்துவதுபோல அடித்துச் சாத்தவில்லை, தூங்குகிறவர்கள் அறைக் கதவைப் போல மெல்லச் சாத்தினார். புதுச் சான்றிதழ் கண்ணாடியில் வெயில் பட்டுப் பளபளத்தது. "வண்டி பிரேக்டவுனா அண்ணே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"இல்லை தம்பி. பாஸான வண்டி. ஓரமா தள்ளணும், ஒரு கை குடுங்க."

நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி ஓரத்தில் போய் நின்றதும் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பட்டன்களை அமுக்கத் தெரியாதவர்போலச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன் தம்பிக்கு நீயே பேசேன்."

"பேசமாட்டேன். நீங்க பேசுங்க."

மறுமுனையில் மச்சினன் உடனே எடுத்தான். அக்கம்பக்கத்து இரைச்சலிலும் அவன் குரல் தெளிவாகக் கேட்டது. "சொல்லுங்க மாமா. டெஸ்டு பாஸ் ஆயிட்டீங்களாமே, துறைமுகம் பூரா அதே பேச்சு."

"மாப்ளே," என்றார் ஐஸ்காரர். "நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?"

மச்சினன் மெதுவாகச் சொன்னான். "நீங்க எப்ப வர்றீங்களோ அப்ப மாமா. நமக்குள்ள என்ன."

"அப்படிச் சொல்லாதே," என்றார் ஐஸ்காரர். "மணியைச் சொல்லு."